பசுவின் பெயர் கொண்ட மருந்து

கண்ணு, மலைப் பாதையில் ஓரடிகூட எடுத்து வைக்காதே. மற்றதையெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் இதைக் கேள். நீ முள்ளுக்குறிச்சியில் பெரியப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்ததையும், வந்த வேகத்தில் கல்யாண வேலை பார்த்துக்கொண்டிருந்த எல்லோரோடும் சண்டை பிடித்ததையும், "அம்மா வரலைன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம், நாளன்னிக்கு நானே மேலே போயித் தூக்கிட்டாவது வாரேன்" என்று வாசலில் நின்று கத்தியதையும் பாரஸ்ட் கார்டு மாரப்பன் ஒன்று விடாமல் சொன்னார். ஓடைக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார், இந்தப் பக்கம் நான் நின்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. பெற்ற மகன் நீ சொன்னது மட்டும் நன்றாக விழுந்தது. கேட்டவுடன் எனக்கு அழுகை வந்தது, அடுத்த நிமிடமே உன்மேல் கோபம் வந்தது, அந்தக் கோபம் இதை எழுதுகிறபோதும் இருக்கிறது. இந்தக் காகிதத்தைக் கந்தகப் புகை காட்டி, வெயிலில் உலர்த்தித்தான் ஓடையோரத்து எல்லைக் கல்லில் வைக்கப்போகிறேன். மஞ்சளடித்து, மூக்கைப் பிடுங்குகிற மாதிரி நாறினால் அதற்காகப் பயப்படாதே. பயப்பட வேண்டியது வேறு.

இங்கே பெரியம்மை. மாரப்பன் உங்களிடம் ஏதோ அம்மை என்று பொதுவாகச் சொல்லியிருப்பார், கல்யாண வீட்டில் அதைப் பெயர் சொல்லிப் பேச யாருக்கும் வாய் வராது. அடிவாரத்துச் சந்தைக்குப் போய் வந்த ஒருவன் காய்ச்சலோடு படுத்தான். முதுகிலும் முகத்திலும் அம்மை போட்டபோதுதான் எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் திண்ணனூர் நாட்டின் இன்னொரு மூலையில் ஒரு பிரசவத்தில் இருந்தேன். வந்து பார்த்தபோது காலம் கடந்துவிட்டது, அவன் பிழைக்கவில்லை. அடுத்து ஊர்க்கவுண்டரின் பேத்தி. பிறகு ஓடையோரத்து வீடுகளில் சிலர். களத்து மேட்டில் சாமை கொட்டி வைக்கும் குடிசையைக் காலி செய்து, எல்லோரையும் அங்கே கிடத்தி, வேப்பிலையும் வாழையிலையுமாக நானும், முன்பே அம்மை கண்டு தேறிய ஒரு கிழவனும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மற்றவர்களுக்கு வராமல் தடுக்க அம்மைப்பால் குத்தியாகிறது. அம்மை குத்தும் ஆள் மலை ஏற மாட்டேன் என்றதால் சில வருஷங்களுக்கு முன்பே அந்த வேலையும் இந்த மருத்துவச்சி தலையில் விழுந்தது உனக்குத் தெரியும்.

ஆனால் குத்தினால் மட்டும் போதாது, கண்ணு. ஆட்கள் நகராமல் இருக்க வேண்டும். இது பலாப் பழக் காலம். தலைச்சுமையாகக் கீழே கொண்டுபோய் விற்றால்தான் இவர்களுக்கு உப்பும் துணியும். போகாதே என்று நான் சொன்னால் யார் கேட்பார்கள்? சர்க்கார் உத்தரவு என்றால் சிரிப்பார்கள். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டிவிட்டால் நோம்பி முடிகிற வரைக்கும் ஒருத்தரும் எல்லை தாண்டிப் போய்த் தங்க மாட்டார்கள். வெளியூர்க்காரனும் வந்து ராத்தங்க மாட்டான். ஊரில் கல்யாணம் காட்சி கிடையாது, தாளிக்கிற வாசம்கூடக் கிடையாது. சின்ன வயதில் நீ பெரியப்பா ஊரில் பார்த்ததுதான். நான் நேரே ஊர்க்கவுண்டரிடம் போய், நோம்பி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இப்போதே ஊருக்குக் காப்புக் கட்டிவிடுங்கள் என்றேன். அவர் என்னை முறைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க நர்சம்மா, காப்புன்னா உங்களுக்கு வெளையாட்டாப் போச்சுங்களா? ஆத்தா கேக்காம நாம கட்டுனா அது கவுறு, காப்பில்லீங்க."

"ஆத்தா ஊட்டுக்குள்ளயே வந்து உக்காந்திருக்கறப்ப இன்னும் என்னத்தைக் கேக்கோணுமுங்க?" என்று நானும் விடவில்லை.

அவர் பேத்தி கிடந்த குடிசைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சரீங்க, கட்டறனுங்க. ஆனா ஒண்ணு. கட்டுனா ஊருக்கே கட்டோணும். உங்க கைக்கும் கட்டோணும். நீங்க எல்லை தாண்டுனா அப்புறம் எவனையும் நான் நிறுத்த மாட்டனுங்க, சொல்லிப்போட்டேன்." உன் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது அவருக்கும் தெரியும், அழைப்பு வைத்ததே நான்தான். தெரிந்துதான் கேட்டார். நான் கையை நீட்டினேன். மஞ்சள் துணியில் வேப்பிலை வைத்துக் கட்டினார்கள். கட்டி முடிக்கும் வரைக்கும் உன் முகம் கண் முன்னால் வரக்கூடாது என்று வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன நினைத்தேன் தெரியுமா? குவாரன்டைன் என்ற சொல்லை நினைத்தேன். நாற்பது என்று அர்த்தம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். இத்தாலியில் கப்பல் வந்தால் நாற்பது நாள் கரை இறங்காமல் கடலிலேயே நிறுத்தி வைப்பார்களாம், அந்த நாற்பதுதான் இத்தனை பெரிய சொல்லாக நிற்கிறது. இங்கே எனக்கு நாற்பது என்று கெடு வைத்துச் சொல்லவும் யாருமில்லை. கடைசியாகப் படுத்தவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கூழ் காய்ச்சி, ஊர் கூடிக் காப்பு அவிழ்க்கும் நாள்தான் எனக்குக் கரை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, முள்ளுக்குறிச்சியிலிருந்து ஏறும்போது மூச்சு வாங்குகிற ஒவ்வொரு இடத்திலும் "ஒரு வார்த்தை சொல்லு, அப்பத்தான் நடப்பேன்" என்று நீ உட்கார்ந்துகொள்வாய். சேலத்தில் எனக்குப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா அட்டை போன அகராதி ஒன்றைக் கொடுத்திருந்தார், அதில் ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லும் எங்கிருந்து வந்தது என்று போட்டிருக்கும். பத்தாவதுகூடப் படிக்காதவளுக்கு அந்தப் புத்தகம் கதைப் புத்தகமாக இருந்தது. ஜாக்ஃப்ரூட் என்று வெள்ளைக்காரன் சொல்வது மலையாளத்துச் சக்கைதான் என்று சொன்னபோது நீ பாறையில் புரண்டு சிரித்தாய். பெப்பர் என்பது நம் திப்பிலியின் வடமொழிப் பெயரிலிருந்து போனது என்றால், "மொளகுக்கு ஏம்மா திப்பிலி பேரை வெச்சான், தெரியாதவனா?" என்று கேட்டாய். விண்டோ என்றால் காற்றின் கண். அதைக் கேட்டதிலிருந்து ஜன்னலைச் சாத்தச் சொன்னால், "கண்ணை மூடவாம்மா?" என்பாய். இப்போது நீ சேலத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். நான் சொன்னதில் பாதி தப்பாகக்கூட இருக்கும், சிவப்பு மையில் சுழித்துக்கொள். ஆனால் சொல்லுக்குள்ளே பார்க்கிற பழக்கத்தை உனக்கு ஏற்றிவிட்டவள் நான். அந்த உரிமையில்தான் இன்றைக்குச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உன்னைத் தடுக்கிறேன்.

மலேரியா என்ற சொல்லை உனக்கு நான் பாதையில் சொன்னதில்லை. உன் அப்பா அந்தக் காய்ச்சலில் போனபோது உனக்கு நடை பழகவில்லை. அரியூர் நாட்டுப் பக்கம் ரோடு போடலாமா என்று அளக்க வந்த கூட்டத்தோடு சங்கிலி பிடிக்கிற வேலைக்குப் போனவர், குளிரோடு திரும்பினார். கெட்ட காற்று என்றுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். நம் ஆட்களும் அதையேதான் சொன்னார்கள், மலைக் காற்று ஆகாது, அடித்துவிட்டது என்று. காற்று வரக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கு அடைத்து, அவரை இருட்டில் வைத்தோம். உள்ளே கொசு ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை, எனக்கும் தெரியாது, அப்போது நான் நர்ஸ் இல்லை, இருபது வயதுப் பெண். பிறகு பயிற்சிக்குப் போனபோது கொசுவைப் பற்றிப் பாடம் நடந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அகராதியில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன். ஒரு சொல் எத்தனை பெரிய பொய்யைச் சுமந்துகொண்டு இத்தனை காலம் நடந்திருக்கிறது! அதிலிருந்து, பழசு என்ற ஒரே காரணத்துக்காக எதையும் நான் நம்புவதில்லை. தாலி அறுத்தவள் தாலி எடுத்துக் கொடுக்கக்கூடாது என்று உன் பெரியப்பா சொன்னதும் அப்படி ஒரு பழசுதான். அவரை நான் குற்றம் சொல்லவில்லை, அவரும் சாக்கு அடைத்த வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவர்.

நீ அவரிடம் போய் நின்று, "எங்கம்மா கையிலதான் தாலி வாங்குவேன், இல்லீன்னா பந்தலே போட வேண்டாம்" என்று சொன்னாயே, அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லவில்லை. அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். உனக்கு நிச்சயித்த கமலாவின் அப்பா, பாவம், "பையன் சொல்றது நாயந்தானுங்க" என்று சொல்லும் வரைக்கும் மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு ராசிபுரத்து ஆசாரியிடம் தாலியை வாங்கினேன் பார், அதைப் பெரியப்பா வீட்டில் கொடுக்கவில்லை. கொடுத்தால் அன்றைக்கு வேறு யார் கையாவது முந்திக்கொள்ளும் என்ற பயம். என் தகரப் பெட்டியில், புடவை மடிப்பில் வைத்துக்கொண்டே மலை ஏறிவிட்டேன். ஆகக் கூடிக் கல்யாணப் பொண்ணு கீழே, மாப்பிள்ளை கீழே, பந்தக்கால் மூங்கில் கீழே, தாலி மட்டும் அம்மை கண்ட ஊருக்குள்ளே என்னோடு இருக்கிறது. என் அதிகெட்டிக்காரத்தனம் எப்போதும் இப்படித்தான் முடியும், உனக்குத் தெரியாததா.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உன் சட்டைக் கையை மடித்துவிட்டு இடது தோளுக்குக் கீழே பார். வழவழவென்று இருக்கிறதா? உன் வயதில் எல்லோருக்கும் அங்கே காசு காசாகத் தழும்பு இருக்கும். உனக்கு இல்லை. ஏன் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இத்தனை வருஷமும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டோம். முதன்முதலாக நான் அம்மை குத்தக் கற்றுக்கொண்டு வந்து உனக்குத்தான் குத்தினேன். அழுகிற பிள்ளையைச் சமாதானம் பண்ண வார்த்தை சொல்லுகிற வழக்கப்படி, "வாக்சின்னா என்ன தெரியுமா? லத்தீன்ல வாக்கான்னா பசு மாடு. மாட்டுக்கு வர்ற அம்மையிலிருந்து எடுத்தது. பசுவோட பேரைத்தான் மருந்துக்கு வெச்சிருக்காங்க" என்று பெருமையாகச் சொன்னேன். நீ அழுகையை நிறுத்திவிட்டாய். மருந்து வேலை செய்ததோ இல்லையோ, சொல் வேலை செய்கிறது என்று நினைத்து நான் அடுத்த வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது நீ அடுப்புச் சாம்பலை அள்ளிக் கையில் வைத்துத் தேய்த்து, தேய்த்து, தொட்டித் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாய். தோல் சிவந்திருந்தது. "எனக்குக் கொம்பு மொளைச்சா அப்புச்சி என்னைக் கட்டுத்தறியில கட்டிருவாரும்மா" என்று சொன்னாய். என் அப்பாவுக்கு மாடு என்றால் உயிர் என்பதால் அந்தப் பயம் உனக்கு வந்திருக்கும். நான் சிரித்த சிரிப்பில் எனக்கே விக்கல் எடுத்தது. உடனே மறுபடி குத்தியிருக்க வேண்டும். நீ நடுங்கினாய், எனக்கு மனசு வரவில்லை. பிறகு குத்தலாம், பிறகு குத்தலாம் என்று பள்ளிக்கூடம், ஹாஸ்டல், சேலம் என்று போய்விட்டாய். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் குத்திய கை, சொந்தப் பிள்ளையை விட்டுவிட்டது.

அந்தச் சாம்பல் இந்த ஊரில் எனக்குக் கைகொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். காப்புக் கட்டிய மறுநாள் நான் வீடு வீடாகக் குத்தினேன். எல்லோரும் அமைதியாகக் கையை நீட்டினார்கள், எனக்கே ஆச்சரியம். சில நாள் போய்ப் பார்த்தால் ஒருவர் கையிலும் கொப்புளம் இல்லை. மருந்து சூட்டில் கெட்டுவிட்டதோ என்று பதறினேன், ஈரத்துணி சுற்றிப் பானைக்குள் வைத்துத்தான் கொண்டுவந்தேன். மறுபடி வருவிக்க வேண்டுமே, அதற்குள் இன்னும் எத்தனை பேர் படுப்பார்களோ என்று கை கால் ஓடவில்லை. அப்போது கவுண்டரின் மருமகள், பெயர் நல்லம்மா, கிண்ணத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து எடுத்துக்கொண்டு போனாள். எங்கே என்றேன். "குத்துன எடத்துக்குத்தானுங்க. ஆத்தா வந்திருக்கறப்ப அவ மேனியைக் கீறுன மாதிரி நம்ம மேனியைக் கீறிப்போட்டோமில்ல, கோவிச்சுக்குவாங்க. குத்துனவொடனே எல்லாருக்கும் நாந்தான் பூசி உட்டனுங்க, நல்லாத் தேச்சுக் கழுவியும் உட்டனுங்க" என்றாள். முகத்தில் அத்தனை பக்தி, அத்தனை அக்கறை. எனக்குத் திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் நீ தொட்டியோரத்தில் நின்ற கோலம் கண்ணில் வந்துவிட்டது.

அவளை உட்கார வைத்தேன். உனக்குச் சொன்ன அதே கதையை, இந்த முறை பாதியில் எழுந்து போகாமல் முழுவதும் சொன்னேன். வெகு தூரத்தில் ஒரு தேசத்தில் பால் கறக்கிற பெண்களுக்கு மட்டும் இந்தப் பெரியம்மை வரவில்லை. மாட்டு மடியில் வந்த சின்ன அம்மை அவர்கள் கையில் ஒட்டிக்கொண்டு, பெரியது வராமல் பார்த்துக்கொண்டது. அதனால்தான் மருந்துக்குப் பசுவின் பெயர். "இது ஆத்தாளோட சண்டை போடறதில்லீங்க. ஆத்தா தங்கச்சியை முன்னாடியே கூப்புட்டு ஊட்டுல உக்கார வெக்கறது. தங்கச்சி இருக்கற ஊட்டுக்கு அக்கா ஏன் வரோணும்? நீ மஞ்சளைத் தேச்சுக் கழுவுனா தங்கச்சியை வாசல்லயே தொரத்தறதுதான்" என்றேன். டாக்டரம்மா கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். நல்லம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்ப தங்கச்சிக்கு எத்தனை நாளைக்குத் தண்ணி படக்கூடாதுங்க?" என்று கேட்டாள். புண்ணின் பக்கு காய்ந்து உதிர்கிற வரைக்கும் என்றேன். நல்லவேளை, பானைக்குள் இருந்த மருந்து கெடவில்லை. மறுபடி குத்தினோம், இந்த முறை அவளே முன்னால் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்தாள். இப்போது பாதிப் பேருக்குக் கொப்புளம் எழும்பிவிட்டது. மீதிப் பேருக்கு எழும்ப வேண்டும். அதுவரைக்கும் இந்த ஊரின் வாசல் திறக்கக்கூடாது, கண்ணு. இந்த மீதிப் பேரில் ஒருவன் சந்தைக்குப் போனாலும் முள்ளுக்குறிச்சி தாங்காது. உன் கல்யாணப் பந்தலில் எத்தனை கைக்குழந்தைகள் இருக்கும் என்று யோசித்துப் பார்.

வாசலில் நிற்பவன் யார் என்றும் கேள். பொன்னான் என்று ஒருவன், இரண்டு மரத்துப் பலாதான் அவனுக்கு வருஷத்துச் சாப்பாடு. பழம் வெடித்து, ஈ மொய்த்து, ஊர் முழுக்க வாசம் வீசுகிறது. நேற்றுக் காலையில் நான் ஓடைக்கு மாரப்பன் வைத்த அரிசியை எடுக்கப் போனபோது, அவன் பழத்தைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு எல்லைக் கல்லிடம் நின்றிருந்தான். கையில் பழம் வெட்டும் அரிவாள். நான் நடுவில் போய் நின்றேன்.

"எங்க பொன்னா?"

"எங்கயும் இல்லீங்க. சும்மா நிக்கறனுங்க." கண் என் மணிக்கட்டில் இருந்தது. "நர்சம்மா மவனுக்குக் கண்ணாலமாமுங்க. மவன் வந்து கூட்டிட்டுப் போறாராமா. கார்டு சொன்னது என்ற காதுலயும் உளுந்துச்சுங்க. நீங்க போறப்ப ஒரு சத்தம் குடுங்க, பின்னாலயே வந்தர்றேன்."

"நான் போகலை."

"பெத்த மவன் கண்ணாலத்துக்குப் போகாத தாய் ஒலகத்துல உண்டுங்களா?"

அவன் கேட்டதில் கேலி இல்லை, கண்ணு. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினேன். அவன் அதைப் பார்த்தான். பிறகு சுமையை இறக்கிக் கல்லின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். இதை எழுதும் இந்த நேரத்திலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். நான் எல்லை தாண்டுகிறேனா இல்லையா என்று பார்க்க. அவனுக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து வீட்டில் சுமை கட்டித் தயாராக இருக்கிறது. நீ சொன்னபடி வந்து என் கையைப் பிடித்தாயானால் நான் திமிறக்கூட மாட்டேன் என்று எனக்கே என்மேல் சந்தேகம். நான் ஒன்றும் கல் இல்லை. உன்னைப் பார்த்தால் வந்துவிடுவேன். அதனால்தான் வராதே என்கிறேன்.

களத்துக் குடிசைக்கு நான் ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்திருக்கிறேன், நல்லம்மா சிரிக்கிறாள். விருந்தாளிக்கு இடம் கொடுக்கிற வீடு என்றுதான் அந்தச் சொல்லின் பிறப்பு. பேஷன்ட் என்றால் பொறுத்துக்கொள்கிறவர். கவுண்டரின் பேத்தி பிழைத்துக்கொள்வாள் போலிருக்கிறது, இன்று காலையில் கூழ் கேட்டாள். கண் ஒன்று மட்டும் திறக்கவில்லை. அது திறக்குமா என்று அவர் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பேத்தியைத் தூக்கிக்கொண்டு கீழே டாக்டரிடம் ஓடாமல், அவள் கண்ணையே விட்டுக் கொடுத்துவிட்டு, ஊருக்குக் கட்டிய காப்பை அந்த மனிதர் காத்துக்கொண்டிருக்கும்போது, நான் மணவறைக்குப் பக்கத்தில் பட்டுப் புடவையோடு நிற்பது எப்படி? பழசு எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் ஒரு பழைய வழக்கத்தைக் கையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று நீ கேட்பாய். கேட்டுக்கொள். ஆளைச் சாகவிடுகிற பழசும் உண்டு, ஆளைக் காப்பாற்றுகிற பழசும் உண்டு. எது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் உன்னைப் படிக்க வைத்தேன்.

கமலாவைப் பற்றி நான்கு வார்த்தை. ஹஸ்பண்ட் என்ற சொல்லை உன் பள்ளிக்கூடத்தில் புருஷன் என்று சொல்லிக்கொடுப்பாய். வீட்டில் குடியிருக்கிறவன் என்பதுதான் அதன் ஆதி அர்த்தம். அதிகாரம் பண்ணுகிறவன் என்று அதில் எங்கேயும் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன். வீட்டில் இரு. கோபம் வந்தால் வாசலுக்கு ஓடி ஊரைக் கூட்டுகிற இந்தப் பழக்கத்தை என்னோடு விட்டுவிடு, அது என்னிடமிருந்து வந்ததுதான். அந்தப் பெண் உன் சண்டையைப் பார்த்துப் பயந்து போய், தன்னால்தான் இதெல்லாம் என்று அழுததாக மாரப்பன் சொன்னார். கல்யாணமே வேண்டாம் என்று நீ கத்தியபோது அது யார் காதில் எப்படி விழும் என்று நினைத்தாயா? இன்றைக்கே அவள் வீட்டுக்குப் போ. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு ராசிபுரம் பஸ் ஏறு. அங்கே அம்மை குத்துகிற இடத்தில் இரண்டு பேரும் கையை நீட்டுங்கள். அவளுக்குத் தழும்பு இருந்தாலும் பரவாயில்லை, மறுபடி குத்திக்கொள்ளலாம். உனக்குப் பயமாக இருந்தால் அவளைப் பிடித்துக்கொள், சிரிக்க மாட்டாள். இன்று குத்தினால் பந்தக்கால் நடுகிற நாளுக்குள் கொப்புளம் எழும்பிவிடும். கொஞ்சம் காய்ச்சல் அடிக்கும். மாப்பிள்ளைக்குக் கல்யாணக் காய்ச்சல் என்று ஊர் கேலி பண்ணட்டும்.

தாலிக்கு வருகிறேன். வெட்டிங் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பாதையில் ஒருநாள் கேட்டாய், நீ பெரியவனாகிக் கல்யாணம் கட்டும்போது சொல்கிறேன் என்றேன். பழைய இங்கிலீஷில் அதற்கு ஈடு என்று அர்த்தம். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவேன் என்பதற்கு அடையாளமாக முன்னால் எடுத்து வைக்கிற பொருள். மேளமும் விருந்தும் பிறகு வந்து சேர்ந்தவை. இன்று காலையில் உன் தாலியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன். கயிற்றை எரித்துவிட்டேன், கமலாவின் அம்மாவைப் புதுக் கயிறு திரித்து மஞ்சள் பூசச் சொல். தங்கத்தை லோஷனில் கழுவி, கவுண்டர் கொடுத்த புது வெற்றிலையில் வைத்து, குளித்து, அம்மைக் குடிசைப் பக்கம் போகாமல் நேரே ஓடைக்கு எடுத்துப் போவேன். எல்லைக் கல்லில் வைத்து, உன் பெயரையும் அவள் பெயரையும் சொல்லிக் கும்பிட்டுவிட்டு, பின்னால் தள்ளி நிற்பேன். பொன்னானும் பார்த்துக்கொண்டிருப்பான், பார்க்கட்டும். தாலி போகிறது, தாய் போகவில்லை என்று அவன் கண்ணால் பார்த்தால்தான் சுமையைப் பிரித்து வைப்பான். மாரப்பன் அந்தப் பக்கத்திலிருந்து வந்து எடுத்துக்கொள்வார். என் கையிலிருந்துதான் தாலி வாங்குவேன் என்று பெரியப்பாவிடம் மல்லுக்கு நின்றாய் அல்லவா, ஆயிற்று, என் கைதான் எடுத்துக் கொடுத்தது. சபையில் யாராவது கேட்டால் அப்படியே சொல். முகூர்த்த நேரத்துக்கு நான் அந்தக் கல்லிடம் வந்து நிற்பேன். கெட்டிமேளச் சத்தம் இத்தனை உயரத்துக்கு வராது என்று தெரியும், ஆனாலும் நிற்பேன்.

ஆனால் ஒன்று. தாலியை உன்னிடம் உடனே கொடுக்கக் கூடாது என்று மாரப்பனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். பந்தக்கால் நடுகிற அன்றைக்கு அவர் பெரியப்பா வீட்டு வாசலுக்கு வருவார். நீ சட்டைக் கையை மடித்து இடது தோளைக் காட்ட வேண்டும். கொப்புளம் இருந்தால் தாலி உனக்கு. இல்லாவிட்டால் அவர் அதை மடியில் முடிந்துகொண்டு மலைக்குத் திரும்பி நடந்துவிடுவார், நீ கெஞ்சினாலும் நிற்க மாட்டார், அவர் அப்படிப்பட்ட ஆள். நீ எனக்கு வைக்கிற ஈடு அந்தக் கொப்புளம்தான். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிட்டுக் கையை நன்றாகக் கழுவு. குத்தின இடத்தை மட்டும் இந்தத் தடவை கழுவிவிடாதே, சாமி.